பீரங்கியை யார் இழுப்பது?

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, ஒரு கற்பனை உலகத்துக் கதையை நடத்திப்போகும் விளையாட்டு. கதையை நடத்துபவன் நான். இப்போது ஒரு கோட்டை முற்றுகை ஓடிக்கொண்டிருக்கிறது. கெமிஸ்ட்ரி படிக்கும் நண்பன் ஒருவன், "வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் உன் உலகத்தில் இருக்குல்ல? அப்போ நான் பீரங்கி செய்வேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பீரங்கி வந்தால் மந்திரம், டிராகன் எல்லாம் வேஸ்ட் ஆகிவிடுமோ என்று பயம். தடை செய்துவிடலாமா? பதிலுக்கு வேறு என்ன ஆயுதம் கொடுக்கலாம்? வெடிமருந்து நம் மரபுக்கு அந்நியம் என்று சொல்லித் தப்பிக்கலாமா? என் ஆயுதப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

மரபு விஷயத்தை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன். டிராகன் என்ன திருவொற்றியூர்க் கோயில் வாகனமா? மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அந்தச் சாக்கு செல்லாது.

மாற்று ஆயுதங்களுக்குப் பஞ்சமே இல்லை. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையைப் பிரித்தால் மதுரை மதிலில் இருந்த பொறிகள் வரிசையாக வரும். வளைந்து தானே எய்யும் வில், கல்லுமிழ் கவண், கொதிக்கும் எண்ணெய், குரங்கு வடிவப் பொறி, பன்றி வடிவப் பொறி. வெளியிலிருந்து தாக்க ட்ரெபுஷே என்கிற எதிர்எடைக் கவண். 1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டைக்காரர்கள் சரணடைய வந்தும், செய்து வைத்த ராட்சதக் கவணை ஒருமுறை எறிந்து பார்க்காமல் விடமாட்டேன் என்று அடம்பிடித்தார் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட். 1215இல் ராச்செஸ்டர் கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அதைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டைகளை எரிக்க 40 கொழுத்த பன்றிகள் கேட்டு ஆள் அனுப்பினார் ஜான் மன்னர். கொழுப்பு எரிந்தது, கோபுரத்தின் மூலை சரிந்தது. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான். பீரங்கிக்கு எத்தனை பகடை, எவ்வளவு தூரம், எத்தனை சுற்றுக்கு ஒருமுறை என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு மாடு உண்டா? ஒரு ஆள் உண்டா? வியாசர்பாடியில் வளர்ந்த பிள்ளை, பாரம் தானாக நகரும் என்று எழுத எப்படி மனசு வந்தது?

என் அப்பா கட்டை வண்டி இழுத்தவர். பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் இரும்புக் கம்பி ஏற்றி, பேசின் பிரிட்ஜ் தாண்டிப் பட்டறைகளுக்குக் கொண்டுபோவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன். முக்கோணமாகச் சீவிய மரக்கட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒட்டியே நடப்பது என் வேலை. பாலத்து ஏற்றத்தில் அப்பாவுக்கு மூச்சு முட்டும்போது "போட்றா" என்பார். அந்த நொடியே கட்டை சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்க வேண்டும். தவறினால் வண்டி பின்னால் உருளும், முன்னால் பிடித்திருக்கும் அவரையும் இழுத்துக்கொண்டு. கட்டையில் சக்கரத்தின் இரும்புப் பட்டை ஏறி நறநறவென்று கடிக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் தோளைத் தளர்த்துவார். பின்னால் நிற்கும் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான்; அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். அந்த வண்டியில் ஏற்றியது வெறும் கம்பி, தம்பி. பீரங்கி இல்லை.

1453இல் துருக்கியர்கள் கான்ஸ்டான்டிநோபிள் மதிலை உடைக்க, ஓர்பன் என்கிற வார்ப்புக்காரர் வார்த்த பெரிய பீரங்கியை எடிர்னே நகரத்திலிருந்து இழுத்துவர 60 காளைகளும் நூற்றுக்கணக்கான ஆட்களும் பிடித்தன. வந்து சேரவே மாதக்கணக்கு. வந்த பிறகும் ஒரு நாளைக்கு ஏழு தடவைக்குமேல் சுட முடியவில்லை. உங்கள் பட்டியலில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது!

அவ்வளவு தூரம் எதற்கு, நம் வாசலில் நடந்ததையே பாருங்கள். 1758 டிசம்பரில் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி கறுப்பர் நகரத்துக்குள், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன் பக்கம், புகுந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு கடலூர்ப் பக்கம் கோட்டை பிடிக்கப் போனபோது வண்டி மாடு போதாமல், புதுச்சேரி ஊர்க்காரர்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். உயர்ந்த சாதிக்காரர்களையும் விடவில்லை. அது பெரிய அட்டூழியம் என்று வரலாற்றில் வருந்தி வருந்தி எழுதுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் காலமெல்லாம் தூக்கியவர்களைப் பற்றி ஒரு வரி தேடிப் பாருங்கள், கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள். இங்கே வந்த முதல் நாளே அவர் படை கொள்ளையடித்த சாராயத்தில் மிதந்தது. பீரங்கிகள் சுடத் தொடங்கியது ஜனவரி 2ஆம் தேதி. பிப்ரவரி 16ஆம் தேதி ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்ததும், இழுத்து வந்த பீரங்கிகளைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

இன்னொன்று. பீரங்கி வந்தால் மதிலுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும், எதிரி ஒளிய இடம் இருக்கக்கூடாது. 1746இல் ஊரைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை ஒட்டியிருந்த தமிழர் வீடுகளை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மிச்சத்தை இடித்தார்கள். இந்த எல்லைக்குள் யாரும் கட்டக்கூடாது என்று 1773இல் தூண்கள் நட்டார்கள். ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. இடித்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம். உங்கள் கோட்டைக்கு வெளியே யார் குடியிருக்கிறார்கள்? வரைபடத்தில் பச்சை அடித்து விட்டிருக்கிறீர்கள்.

உள்ளே இருப்பவர்களையும் கொஞ்சம் பாருங்கள். முற்றுகையில் ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த சோழன் நெடுங்கிள்ளியிடம் புலவர் கோவூர் கிழார் ஆயுதக் கணக்கு பேசவில்லை. யானைக்குக் கவளம் இல்லை, குழந்தைக்குப் பால் இல்லை, வீடுகளில் தண்ணீர் இல்லை என்கிறார். ஒன்று விட்டுக்கொடுத்துக் கதவைத் திற, இல்லை சண்டைக்குத் திற என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். புறநானூறு 44. உங்கள் ஆட்டத்தில் இப்படி ஒரு புலவர் வேடம் இருந்தால் நானே வந்து ஆடுவேன்.

அதனால் தடையெல்லாம் வேண்டாம். நண்பனுக்குப் பீரங்கியைக் கொடுத்துவிடுங்கள். மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மாட்டுக் கொட்டகை மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி அவனே எடுக்கட்டும். மாடுகளை வாங்கட்டும், வைக்கோல் சேர்க்கட்டும், மழை வந்தால் சேற்றில் நிற்கட்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போனால் போகட்டும், அடுத்த ஞாயிறு வந்துவிடுவான்.

டிராகன் வேஸ்ட் ஆகிவிடுமா என்றீர்கள். அது ஒரு வேளைக்கு எத்தனை மாடு தின்னும், அந்த மாடுகளை யார் ஓட்டி வருகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அப்புறம் சொல்கிறேன்.