சிரித்தால் கால் துவளுகிறது, பகலெல்லாம் தூக்கம்: ஓரெக்சின் மாத்திரை உண்டா?

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறான், சிரித்தால் முட்டி மடங்கி விழுகிறான், ஓரெக்சின் குறைவு என்கிறார்கள், அதற்கு மாத்திரை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரெக்சின் என்பது நம்மை விழித்திருக்க வைக்கும் மூளைச் சுரப்பு. அது குறைவதால் இப்படித் தூங்கி, துவண்டு விழும் நோய்க்கு நார்கோலெப்சி என்று பெயர். ஓரெக்சினையே மாத்திரையாகத் தர முடியாது. ஓரெக்சின் ஏ என்பது 33 அமினோ அமிலங்கள் கோத்த சரம், பி என்பது 28. விழுங்கினால் பருப்பு செரிப்பதுபோல் வயிற்றிலேயே செரித்துவிடும். இணையத்தில் மூக்கு ஸ்பிரே என்று விற்பதில் காசைப் போடாதீர்கள். 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்ததால் இதற்கு இரண்டு பெயர். ரிப்போர்ட்டில் ஹைப்போகிரெட்டின்-1 என்றிருந்தால் அது ஓரெக்சின் ஏதான்.

ஓரெக்சின் வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களான ஏற்பிகளும் இரண்டு. முதலாவது ஏ-வுக்கே அதிகம் இணங்கும். இரண்டாவது இரண்டையும் ஏற்கும். விழிப்பைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். டாபர்மேன் நாய்களுக்கு இந்நோய் வருவது இரண்டாம் ஏற்பியின் மரபணுப் பழுதால் என்று 1999-இல் தெரிந்தது. மனிதர்களிடம் ஏற்பி நன்றாகவே இருக்கும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் ஓரெக்சின் சுரக்கும் செல்கள் அழிந்திருக்கும்.

கனவுத் தூக்கத்தில் மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கும். ஓரெக்சின் இல்லையென்றால் அந்தத் தளர்வு விழித்திருக்கும்போதே, சிரிப்பின் நடுவில் வந்துவிடுகிறது. விழுந்தாலும் நினைவு தப்பாது, சுற்றிப் பேசுவது கேட்கும். அடுத்தமுறை செல்போனில் வீடியோ எடுத்து, நினைவு இருந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். வலிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் தவறான மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. தூங்கி எழும்போது உடம்பு அசையாமல் போவதை ‘அமுக்குவான் பேய்’ என்று மந்திரிக்கப் போவதும், வகுப்பில் தூங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று வெளியே நிறுத்துவதும் இன்னும் நடக்கிறது. நெஞ்சு கொதிக்கிறது.

பகல் தூக்கம் என்றாலே இந்த நோய் என்று நான் சொல்லவில்லை. நைட் ஷிப்டு, குறட்டையோடு மூச்சடைப்பு, வேலூர் கத்திரி வெயிலில் கெட்ட இரவுத் தூக்கம் எல்லாமே காரணமாகலாம். அதனால்தான் பரிசோதனை. முதல் இரண்டு வாரம் தூங்கிய, எழுந்த நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். பிறகு ஒரு இரவு முழுக்கத் தூக்க ஆய்வு; மறுநாள் இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து குட்டித் தூக்கம். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு முறையாவது உடனே கனவுத் தூக்கத்துக்குப் போனால் நார்கோலெப்சிக்குப் பொருந்தும். முந்தின இரவு ஆறு மணி நேரமாவது தூங்காவிட்டால் முடிவை நம்ப முடியாது. மனச்சோர்வு மாத்திரைகள் கனவுத் தூக்கத்தை மறைக்கும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் துவண்டு விழுவது பெருகும். டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் முதுகுத் தண்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் ஓரெக்சின் ஏ ஒரு மில்லிலிட்டரில் 110 பிகோகிராம் அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு உறுதி.

சிகிச்சையில், விழித்திருக்க மோடாபினில் காலையில் தருவார்கள், மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடும். துவளுவதைத் தடுக்க வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள். இரண்டாம் ஏற்பியை நேரடியாகத் தூண்டும் மாத்திரைகள் சோதனையில் நல்ல பலன் காட்டியுள்ளன. அவற்றில் ஒன்றின் சோதனை கல்லீரல் பாதிப்பால் 2021-இல் நின்றது. சுவோரெக்சன்ட் ஏற்பிகளை அடைக்கும் தூக்க மாத்திரை, பெயரைப் பார்த்து அதைக் கேட்டுவிடாதீர்கள்.

மதியம் சோறு குறைவாக, சாப்பிட்டதும் 15–20 நிமிடத் தூக்கம். இதற்கு கம்பெனியில் டாக்டர் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். நோய் கட்டுக்குள் வரும்வரை கட்டிங் மெஷினும் வேண்டாம், பெங்களூர் ரோட்டில் பைக்கும் வேண்டாம்.