கீபோர்டு போனோடு பிளேன் ஏறலாமா? கேள்வி பதில்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. துணி வாங்கும் பையரைப் பார்க்க வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வெளிநாடு. போல்டு 9900, கிளாசிக், பாஸ்போர்ட் என்று பட்டன் கீபோர்டு வைத்த பிளாக்பெரி மாடல்களாக மாறி மாறி, இப்போது சட்டைப் பையில் இருப்பது பிளாக்பெரி கீ2. "இன்னுமா அதை வைத்திருக்கிறீர்கள்?" என்று ஆளாளுக்குத் தனியாகக் கேட்டு முடியவில்லை. அதனால் மொத்தமாகப் பதில்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, அப்பா வைத்திருந்த போல்டு 9900 பீரோவில் கிடந்தது. சார்ஜ் போட்டால் உயிர் வருகிறது. ஆபீஸ் மெயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. அந்தக் காலத்து பிளாக்பெரியில் மெயில் நேராகப் போனுக்கு வராது. முதலில் கனடாக் கம்பெனியின் டேட்டா சென்டருக்குப் போகும். அங்கே சுருக்கி, ஆபரேட்டர் வழியாக நம் கைக்குத் தள்ளுவார்கள். ரோமிங் டேட்டா தங்க விலை விற்ற நாளில் அது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று இப்போது சொன்னால் புரியாது. அந்தக் கடையை 2022 ஜனவரி 4-ஆம் தேதி சாத்திவிட்டார்கள். 7.1 வரைக்குமான பழைய ஓஎஸ், பின்னால் வந்த பிபி10 இரண்டுக்கும் அன்றோடு சரி. போன் கால், எஸ்எம்எஸ், அவசர அழைப்பு எதுவுமே இனி ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம் எனக் கம்பெனியே அறிவித்துவிட்டது. வாட்ஸ்அப் அதற்கும் முன்பே, 2017 கடைசியோடு போயிற்று. பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். அது உப்பிப்போனால் மூடியை நெம்பிவிடும். அப்பா ஞாபகமாக இருக்கட்டும்.

கோவை, பம்ப் வியாபாரம்: செகண்ட் ஹேண்டில் கீஒன் மலிவாகக் கிடைக்கிறது. கீ2 கொஞ்சம் கூட. எதை வாங்கலாம்?

காசு கூடப் போனாலும் கீ2. கீஒன் வந்தது 2017, கீ2 வந்தது 2018. இரண்டும் டிசிஎல் கம்பெனி பிளாக்பெரி பெயரில் செய்த ஆண்ட்ராய்டு போன்கள்; அதனால்தான் 2022-இல் கடை சாத்தியபோது இவை தப்பித்தன. கீஒன்னில் ரேம் 3 ஜிபி, கறுப்பு எடிஷனில் 4. கீ2-வில் 6. பேட்டரி இரண்டிலும் ஏறத்தாழ 3500 எம்ஏஎச். ஆனால் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த எண்ணை நம்பாதீர்கள்; மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கடையில் நின்றபடியே செய்ய வேண்டியது இது. ஸ்கிரீன் கண்ணாடியின் மேல் மூலையை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஆரம்பக் கீஒன்களில் பசை போதாமல் கண்ணாடி கிளம்பிய புகார் நிறைய. ஸ்பேஸ் பார்தான் கைரேகை சென்சார், பதிந்து பாருங்கள். கீபோர்டின் மேல் விரலை அழுத்தாமல் தடவினால் பக்கம் மேலே ஓட வேண்டும். ஓடாவிட்டால் டீயோ காபியோ உள்ளே போயிருக்கலாம். பிறகு மெசேஜைத் திறந்து 26 எழுத்தையும் அடியுங்கள். ஒரே அடிக்கு ஒரு எழுத்து இரண்டாக விழுகிறதென்றால் கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும் வெளியே வந்துவிடுங்கள். கடைசியாக *#06# அடித்து ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள எண்ணை எடுத்து, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டு போனாக முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும்.

நாமக்கல்: வெளிநாட்டில் சிக்னல் கிடைக்குமா சார்? 4ஜி போன்தானே, எங்கேயும் ஓடும் என்கிறார் நண்பர்.

நண்பர் சொன்னதையேதான் நானும் நம்பினேன். 2022 கடைசியில் நியூயார்க்கில் இறங்கி, உள்ளூர் சிம் ஒன்றை என் கிளாசிக்கில் போட்டேன். மெயில் வந்தது, மேப் ஓடியது. பையர் ஆபீஸ் லாபியில் உட்கார்ந்து போன் வரும் வரும் என்று 40 நிமிஷம் காத்திருந்தேன். பையர் அம்மா ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறார், ஒரு ரிங்கும் எனக்கு வரவில்லை. காரணம் இதுதான்: 4ஜி போன் என்றால் டேட்டா 4ஜியில் போகும் என்றுதான் அர்த்தம். பேச்சுக் கால் 4ஜியில் போக வோல்ட்டி வேண்டும். அது இல்லாத போன், கால் வந்தால் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். அமெரிக்காவில் அந்த வருஷம்தான் 3ஜியை ஒவ்வொருவராக மூடிக்கொண்டிருந்தார்கள். என் சிம்முக்கு இறங்கப் படி இல்லை.

(திருப்பூர்க்காரனுக்கு ஜிஎஸ்எம் என்றால் துணியின் எடை, 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. போன்காரர்களின் ஜிஎஸ்எம் வேறு, அது 2ஜி முறையின் பெயர் என்பதை அன்றுதான் உட்கார்ந்து படித்தேன்.)

நாட்டுக்கு நாடு கதை வேறு. ஜெர்மனியில் 2021-இல் 3ஜி போயிற்று, 2ஜியை விட்டுவைத்தார்கள். மலேசியாவிலும் அதே கதைதான். சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே போனது, 3ஜியை 2024-இல் எடுக்க ஆரம்பித்தார்கள். அமீரகத்தில் 2022 கடைசியோடு 2ஜி முடிந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜி மூடல். அங்கே அவசர அழைப்பை 4ஜியில் போட முடியாத போனை நெட்வொர்க்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ஜப்பானில் ஜிஎஸ்எம் என்பதே ஒருநாளும் இருந்ததில்லை. நம் ஊரிலேயே ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அதனால் ஜியோ சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பார்ப்பதுதான் மலிவான வோல்ட்டி சோதனை. அதில் தேறினாலும் அமெரிக்காவுக்கு உத்தரவாதம் இல்லை. அங்கே சில ஆபரேட்டர்கள் தங்கள் பட்டியலில் உள்ள மாடலுக்குத்தான் வோல்ட்டியைத் திறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: கீ2-வில் நாட்டுக்கேற்ற மாடல்கள் உண்டு, 4ஜி பேண்டுகள், அதாவது அலைவரிசைகள், மாறும். மாடல் எண்ணைப் பார்த்து, போகிற நாட்டின் பேண்டோடு ஒத்துப்பாருங்கள்.

சென்னை, ஐடி: பாஸ்போர்ட் மாடல் வைத்திருக்கிறேன். ஆபீஸ் மெயில் திடீரென்று நின்றுவிட்டது. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது.

பாஸ்வேர்டு சரியாக இருப்பதுதான் பிரச்சினை. வெறும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போகும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்த ஆரம்பித்தது. உங்கள் பாஸ்போர்ட்டில் ஓடும் பிபி10-க்குப் புது முறை தெரியாது. ஜிமெயிலில் மட்டும் ஒரு சந்து உண்டு: இரண்டு படி சரிபார்ப்பை ஆன் செய்துவிட்டு ஆப் பாஸ்வேர்டு ஒன்று எடுத்துப் போட்டால் ஓடும். கம்பெனி மெயிலுக்கு அப்படிச் சந்து தேடாதீர்கள், ஐடி ஆட்கள் கேட்டால் சங்கடம்.

மதுரை: யுபிஐ, பேங்க் ஆப்?

கீ2-வோடு நின்றுபோனது ஆண்ட்ராய்டு 8.1. செக்யூரிட்டி அப்டேட் நின்று வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கு ஆப் திறந்தாலும் அதில் பணத்தை வைக்காதீர்கள். பேங்க் வேலைக்கு என்னிடம் ஒரு சாதாரண புது போன் இருக்கிறது. ஊர் சிம் அதில்தான், ஓடிபியும் அதில்தான். கீ2-வில் வெளிநாட்டு சிம்.

ஆம்பூர், தோல் ஏற்றுமதி: இரண்டு போன் சுமப்பதென்றால் எதற்கு அய்யா இந்தக் கீபோர்டு? புது போன் ஒன்று போதாதா?

போதும். பொய் சொல்ல மாட்டேன். எனக்கு இது போன் இல்லை, எழுதும் பலகை. ஹாம்பர்க்கில் ஒரு பையர் ஆபீஸ். எதிரில் மூன்று பேர், மேசை நிறைய லேப் டிப், அதாவது சாயம் போட்ட சாம்பிள் துண்டுகள். பையர் அம்மா "நேவி இன்னும் ஒரு ஷேடு கறுக்கணும், காலர் ரிப் அரை சென்டிமீட்டர் குறையணும், ஷிப்மென்ட் ஒரு வாரம் முன்னால்" என்று சொல்லிக்கொண்டே போகிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தபடியே கட்டைவிரல் இரண்டாலும் அடித்துக்கொண்டிருக்கிறேன். பட்டனின் மேல் ஓடும் சின்ன விளிம்பு விரலுக்கு வழி சொல்லும். மீட்டிங் முடிந்து லிஃப்ட் கீழே வருவதற்குள் டையிங் யூனிட்டுக்கு மெயில் போய்விட்டது. கண்ணாடியில் அடித்தால் நான் குனிந்தாக வேண்டும். குனிந்தால் எதிரில் இருப்பவருக்கு இவன் வாட்ஸ்அப் பார்க்கிறான் என்றுதான் தோன்றும்.

பிறகு ஷார்ட்கட். கீ2-வில் ஒவ்வொரு எழுத்துக்கும் தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் ஒன்று என 52 வேலையைப் பதிந்துவைக்கலாம். எனக்கு எம் என்றால் மேனேஜருக்கு போன், கே அழுத்திப் பிடித்தால் கால்குலேட்டர். மெயிலுக்குள் டி அடித்தால் உச்சிக்கும் பி அடித்தால் கடைசிக்கும் போகும், ஆர் அடித்தால் பதில். பத்து நாளில் விரல் தானாகப் போகும்.

சிவகாசி: தமிழில் டைப் அடிக்க முடியுமா?

கூகுளின் ஜிபோர்டு ஆப் போட்டு ஸ்கிரீனில் அடிக்கலாம். ஏற்கெனவே 4.5 இஞ்ச்தான், அதிலும் பாதியை அது தின்றுவிடும். வீட்டுக்கு நான் வாய்ஸ் மெசேஜ்தான்.

கரூர், ஹோம் டெக்ஸ்டைல்: கேண்டன் ஃபேருக்கு முதல் தடவை போகிறேன். ஜிமெயில் வேலை செய்யாதாமே?

அந்தக் கண்காட்சி நடக்கும் சீனாவின் குவாங்சோவில் உள்ளூர் சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் ஜிமெயில், வாட்ஸ்அப் இரண்டும் திறக்காது. நம் ஊர் சிம்மில் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போங்கள். ரோமிங் டேட்டா நம் ஆபரேட்டர் வழியாகச் சுற்றி வருவதால் திறக்கும். அந்தப் பயணத்துக்கு மட்டும் ஊர் சிம்மைக் கீ2-வுக்கு மாற்றுவேன். இ-சிம் இந்தப் போன்களில் கிடையாது, ஏர்போர்ட்டில் க்யூஆர் ஸ்கேன் செய்து தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சிம் ஊசியைப் பர்ஸில் வையுங்கள். நான் காதுத் தோட்டின் திருகாணித் தண்டால் திறந்தவன், தோடு பக்கத்து சீட் அக்காவுடையது.

திருச்சி: பழைய க்யூ10-க்கு ஸ்பேர் பேட்டரி இரண்டு இருக்கிறது. பெட்டியில் போடலாமா?

செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். முனையில் டேப் ஒட்டித் தனித்தனிக் கவரில். 2100 எம்ஏஎச் என்றால் 8 வாட் ஹவர்தான் வரும், வரம்பு 100. பயப்பட ஒன்றுமில்லை.

துபாயிலிருந்து: 2011 அக்டோபரில் உலகத்துக்கே பிளாக்பெரி ஊமையானதே, என்ன ஆயிற்று அன்று?

இங்கிலாந்தில் ஸ்லவ் என்ற ஊரிலிருந்த டேட்டா சென்டரில் டேட்டாவைப் பிரித்து அனுப்பும் முக்கிய மெஷினான கோர் ஸ்விட்ச் ஒன்று படுத்தது. அதற்கு மாற்றாக இருந்தது கைகொடுக்கவில்லை. ஐரோப்பா, வளைகுடா, ஆப்பிரிக்கா, இந்தியா எல்லாம் நின்று, பிறகு அமெரிக்காவுக்கும் பரவியது. முதல் பதிலில் சொன்னேனே, எல்லா மெயிலும் ஒரே வாசல் வழியாக வரும் என்று. அந்த வாசல்தான் அடைத்தது. அந்த நாட்களில் துபாயில் விபத்து 20 சதவீதம், அபுதாபியில் 40 சதவீதம் குறைந்ததாக உங்கள் ஊர் போலீஸ் சொன்னதாகச் செய்தியே வந்தது. அங்கேதானே இருந்தீர்கள், ரோடு நிஜமாகவே அமைதியாக இருந்ததா?