கிளிமஞ்சாரோவுக்கு ஐந்து நாள் போதுமா?

கேள்வி: கிளிமஞ்சாரோ மலையில் ஏற விரும்புகிறேன். எட்டு நாள் பயணத்தைவிட ஐந்து நாள் பயணத்துக்குக் கட்டணம் குறைவு. தினமும் நடக்கும் பழக்கமுள்ள எனக்கு ஐந்து நாள் போதாதா? வழிகாட்டி கட்டாயமா?

பதில்: தான்சானியத் தேசியப் பூங்கா விதிப்படி, உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி அந்த மலையில் ஏற முடியாது. ஆகவே நீங்கள் யோசிக்க வேண்டியது நாட்களைப் பற்றித்தான். சிகரத்தின் உயரம் 5,895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இதற்கு உடல் பழகக் கால்வலிமை உதவாது. நன்றாக ஓடக்கூடிய இளைஞர்களே அவசரமாக ஏறி, தலைவலியும் வாந்தியுமாகத் திரும்புவதுண்டு. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது அறிவுரை. மராங்கு பாதையின் ஐந்து நாள் திட்டத்திலோ அது நாளுக்குச் சுமார் 1,000 மீட்டர் உயர்கிறது. லெமோஷோ பாதையில் எட்டு நாள் செல்பவர்கள், சுமார் 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் என்ற பாறை வரை ஏறிவிட்டு, உறங்குவதற்கு 4,000 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது இதையே.

முன்பணம் கட்டுமுன், ஆக்சிஜன் உருளை உடன் வருமா, ஒருவர் நோயுற்றால் அவரை இறக்கிச் செல்லத் தனி வழிகாட்டி உண்டா, சுமைதூக்குவோருக்கு என்ன கூலி என்று நிறுவனத்திடம் கேளுங்கள். மிகக் குறைந்த கட்டணம் பல நேரம் அந்தக் கூலியில்தான் கைவைக்கிறது. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கப் பயன்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம்.