எட்டு வயது மகளிடம் தம்பியை விட்டுப் போகலாமா?

தங்கச்சி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வரப்போகிறாய். வாடகை, குளிர்சட்டை பற்றியெல்லாம் நிறையக் கேட்டிருக்கிறாய். அதை வேறு யாராவது சொல்வார்கள். போகிற போக்கில் ஒன்று கேட்டாயே, "நானும் வேலைக்குப் போனால் எட்டு வயது மகள் மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள மாட்டாளா?" என்று. அதுதான் என் வயிற்றைக் கலக்கிவிட்டது.

விடாதே. தங்கச்சிமடத்தில் ஏழு வயதிலேயே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் சிப்பி பொறுக்கியவள்தான் நானும். அம்மா கருவாடு காயப்போடப் போயிருப்பாள். இங்கே அதற்குப் பெயர் புறக்கணிப்பு. எத்தனை வயதில் தனியே விடலாம் என்று இந்த மாநிலச் சட்டத்தில் எண் கிடையாது. புகார் போனால் விசாரிக்க வருகிற குழந்தைகள் நல அதிகாரி என்ன நினைக்கிறாரோ அதுதான்.

2004 டிசம்பரில், தூங்குகிற மகனை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் துணி துவைக்கப் போனேன். இருபது நிமிஷம். அவன் அழுத சத்தத்தில் யாரோ குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார்கள். அன்று இரவே அங்கிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். இடுப்பில் பிறவியிலேயே இருந்த நீலத் திட்டை அடித்த காயம் என்று எழுதிக்கொண்டார். புரியாமல் நான் தலையாட்டியதை ஒப்புக்கொண்டதாகவும் எழுதினார். டாக்டர் கடிதம் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். அதனால் சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் கேள்.

பிள்ளையைக் கொண்டுபோயே விட்டால்? 1997-இன் மத்தியச் சட்டப்படி, கடைசி 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை அரசு ஒப்படைத்த வளர்ப்பு வீட்டில் இருந்தால், பெற்றோர் உரிமையை ரத்து செய்யச் சொல்லி அரசே மனு போட வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் உன் அம்மா மண்டபத்தில் அல்லவா இருக்கிறார்! உத்தரவு வந்தபின் சட்டப்படி நீ யாரோ. உன்னைக் கேட்காமலே தத்துக் கொடுக்கலாம். உரிமையை ரத்து செய்யத் தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும் என்று 1982-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, சரி. ஆனால் பிள்ளையைப் பார்க்கக் குறித்துக் கொடுத்து நீ தவறவிட்ட ஒவ்வொரு சந்திப்பும் உனக்கு எதிரான ஆதாரம்தான். காசில்லாவிட்டால் இங்கே வக்கீல் இலவசம். முதல் நாளே கேள்.

"அதெல்லாம் குடிகாரக் குடும்பங்களுக்குத்தான்" என்று பொங்கல் விழாவில் நம்மவர்கள் சொல்வார்கள், நம்பாதே. அந்த அம்மா வந்துபோனபின் அவர்களில் ஒருத்தியும் என் வீட்டுப் படியேறவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டது மாடிவீட்டுக் குஜராத்திப் பாட்டிதான். நான் கருவாடு வறுக்கிற நாளில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வாசலில் நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டு போவார்.