மாமா சொல்லும் எம்.பி.ஏ.வும் முதலாளி போடும் காஸ்டிங்கும்

கேள்வி: எனக்கு 26 வயது. பி.காம்., 63 சதவீதம். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான்கு வருடமாக அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். சம்பளம் 17,500 ரூபாய். டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், ஏற்றுமதி பேப்பர் வேலை எல்லாம் தெரியும். அப்பா இல்லை. அம்மா தையலுக்குப் போகிறார். தம்பி பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. "இந்தக் காலத்தில் ஒரு டிகிரி எதற்குப் போதும், கரஸில் எம்.பி.ஏ. போடு" என்கிறார் மாமா. "பி.சி.ஏ. முடித்துவிட்டு ஐ.டி.க்கு வந்துவிடு" என்கிறாள் தோழி. எனக்கு உள்ளூர டீச்சர் ஆசை, பி.எட். சேரலாமா என்றும் தோன்றுகிறது. கையில் சேமிப்பு 80,000 ரூபாய். இதற்கிடையில் ஒரு ஸ்டடி சென்டரில் எம்.பி.ஏ.வுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். "பரீட்சையைப் பற்றிக் கவலையே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். அந்த வார்த்தைதான் உறுத்துகிறது. இன்னொரு டிகிரி எனக்குத் தேவையா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: "ஏற்றுமதி பேப்பர் வேலை எல்லாம் தெரியும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே கனமான வரி அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மாமாவைக் கவனித்துவிடுவோம்.

மாமா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அவர் வேலைக்குப் போன காலத்தில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கூடினால் ஆபீஸில் நாற்காலி மாறியிருக்கும். அந்த நினைப்பு. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் கரஸில் தரும் டிகிரி, நேரில் போய்ப் படித்த டிகிரிக்குச் சமம் என்று யு.ஜி.சி.யே சொல்லியிருக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம், டிகிரி செல்லும். செல்வது ஒன்று, வேலை வாங்கித் தருவது இன்னொன்று.

நான் பல வருடம் ஒரு மில்லில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன். ஒருமுறை ஏற்றுமதிப் பிரிவு அக்கவுண்ட்ஸுக்கு ஆள் தேடினோம். வந்தவர்களில் ஒருவர் பி.காம்., கரஸில் எம்.பி.ஏ., அதற்கு மேல் இன்னொரு டிப்ளமோ. எல்லா சான்றிதழும் பிளாஸ்டிக் உறையில் பளபளவென்று இருந்தது. எங்கள் கணக்கு மேனேஜர் ஒரு பழைய ஷிப்பிங் பில்லையும் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் பேப்பர்) அதற்கான இன்வாய்ஸையும் அவர் முன்னால் வைத்து, "இரண்டிலும் தொகை வேறு வேறாக இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார். அந்தப் பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான், பதில் வரவில்லை. அடுத்து வந்த பெண் வெறும் பி.காம். பேப்பரைக் கையில் வாங்கியதுமே, "இன்வாய்ஸ் சி.ஐ.எஃப்.பில் போட்டிருக்கு சார். கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் கழித்தால் எஃப்.ஓ.பி. வந்துவிடும்" என்றாள். சி.ஐ.எஃப். என்றால் அந்த இரண்டும் சேர்ந்த விலை, எஃப்.ஓ.பி. என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை. யாரை எடுத்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு உங்களுக்கும் இந்நேரம் விடை வந்திருக்கும்.

டிகிரி எங்கே கண்டிப்பாக உதவும் என்றால், விதியிலேயே அது எழுதியிருக்கும் இடத்தில். வக்கீலாக வேண்டுமானால் எல்.எல்.பி. இல்லாமல் முடியாது, அதுவும் கரஸில் படித்தால் பார் கவுன்சில் ஏற்காது. கல்லூரி ஆசிரியர், பள்ளி ஆசிரியர், சில அரசுப் பதவி உயர்வுகள் எல்லாம் இப்படித்தான். அங்கே டிகிரிதான் சாவி, அனுபவத்தைக் காட்டி உள்ளே போக முடியாது. நீங்கள் இருக்கும் தனியார் அக்கவுண்ட்ஸ் உலகில் அப்படி ஒரு விதி கிடையாது. அங்கே கரஸ் எம்.பி.ஏ. உங்களை அதே நாற்காலியில்தான் உட்கார வைக்கும், 50,000 ரூபாய் குறைவாக.

அரசு வேலையை நினைத்து மாமா சொல்கிறார் என்றால் அதற்கும் இது பயன்படாது. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2-க்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். வங்கி ஆபீசர் தேர்வுக்கும் அதேதான், ஆனால் அங்கே பொதுப் பிரிவுக்கு 30 வயது வரைதான். பி.காம். ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அந்த வழிதான் என்று முடிவு செய்தால், எம்.பி.ஏ.வுக்குப் போகும் இரண்டு வருடத்தைத் தேர்வுக்கே கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

தோழி சொல்லும் பி.சி.ஏ.வை நான் சட்டென்று தள்ளிவிடுவேன். 26 வயதில் மறுபடியும் மூன்று வருட இளநிலைப் பட்டம் எதற்கு? ஐ.டி.தான் வேண்டும் என்றால் எம்.சி.ஏ. இருக்கிறது. 2020-லிருந்து அது இரண்டு வருடப் படிப்பு. பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்த பி.காம். மாணவர்களும் சேரலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று: உங்களுக்குக் கோடிங் பிடிக்குமா? கடிதம் முழுக்கத் தேடினேன், பிடிக்கும் என்று எங்கும் இல்லை. தோழி கூப்பிட்டது மட்டும்தான் இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல்லில் பைத்தான் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் 1,000 ரூபாய். ஒரு பாடம் முழுக்கப் பாருங்கள். நான்காவது வாரத்திலும் இரவு பத்து மணிக்குத் தானாக லேப்டாப்பைத் திறந்தீர்கள் என்றால் மறுபடி எனக்கு எழுதுங்கள், அப்போது பேசலாம்.

டீச்சர் ஆசைதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். "உள்ளூர" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்லை லேசாக விட மனமில்லை. ஆனால் இதில் பலருக்கும் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.காம். மட்டும் முடித்தவர் பி.எட். சேர முடியாது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு படித்தவர்கள் இளநிலைப் பட்டத்தோடு சேர்ந்துவிடலாம். வணிகவியல் போன்ற சில பாடங்களுக்கு முதுநிலைப் பட்டம் கேட்பார்கள், உங்களுக்கு அது எம்.காம். காரணம் எளிது. பத்தாம் வகுப்பு வரை வணிகவியல் என்று ஒரு பாடமே பள்ளியில் கிடையாது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில்தான் வருகிறது, அங்கே பாடம் எடுப்பவர் முதுநிலை ஆசிரியர். ஆக எம்.காம். இரண்டு வருடம், பி.எட். இரண்டு வருடம், அதற்கப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்வரை காத்திருப்பு. பி.எட்.டில் பள்ளிக்கூடம் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். பகல் வேலையோடு அது ஒத்துவராது. கரஸ் பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்கானது, உங்களுக்கு அது கிடையாது. அப்படியென்றால் பி.எட். படிக்கும் இரண்டு வருடமும் உங்கள் 17,500 நின்றுபோகும். தம்பி படிப்பு முடியும் முன் இதில் இறங்க வேண்டாம்.

அதற்காக ஆசையை மூட்டை கட்டச் சொல்லவில்லை. உங்கள் தெருவில் பிளஸ் டூ காமர்ஸ் படிக்கும் பிள்ளைகள் நாலு பேராவது இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுக்கு அக்கவுண்டன்சி சொல்லிக்கொடுங்கள். காலாண்டுத் தேர்விலிருந்து அரையாண்டு வரை. இருப்புநிலைக் குறிப்பு டேலி ஆகாமல் ஒரு பையன் மூன்றாவது தடவை அதே தப்பைச் செய்யும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றுகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் எம்.காம். சேரலாம். அதை வேலையோடே கரஸில் முடிக்கலாம். இக்னோ இருக்கிறது, சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பி.காம்.மிலும் எம்.காம்.மிலும் ஒரே பாடம் என்பதால் நாளைக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்திலும் சிக்கல் வராது. மாமாவிடம் "முதுநிலை படிக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளவும் ஆச்சு.

எங்கே சேர்ந்தாலும், கரஸ் என்றால் முதலில் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் படிப்பும் சேரும் ஆண்டும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இப்போது சேர்வதற்கு முன் அந்தத் தளத்திலேயே 'டெப் ஐ.டி.' என்று ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்காமல் ஒருவர் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றால் அவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

சரி, அந்தக் கனமான வரிக்கு வருவோம்.

நான்கு வருடமாக ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிறீர்கள். 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று ரிட்டர்ன் போட்டே மாதம் ஓடுகிறது. ஷிப்பிங் பில், அரசு வரியைத் திருப்பித் தரும் டிராபேக், பேங்கில் டாலர் வந்ததா என்ற கவலை எல்லாம் உங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகின்றன. இவ்வளவும் நடந்து முடிந்த கணக்கு. துணி போன பிறகு எழுதுவது. துணி போவதற்கு முன்னால் ஒரு கணக்கு போடுகிறார்களே, அது யார் மேஜையில் நடக்கிறது? பெரும்பாலும் முதலாளி மேஜையில், இல்லை அவருக்குப் பக்கத்தில் உட்காரும் ஒரு மூத்தவர் மேஜையில்.

ஒரு கிச்சன் டவலுக்கு ஜெர்மனிக்காரர் விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவலுக்கு எத்தனை கிராம் நூல், இன்றைய நூல் விலை என்ன, நெசவுக் கூலி, சாயம், வெட்டித் தைக்கும் கூலி, கழிவு எத்தனை சதவீதம், பேக்கிங், தூத்துக்குடி வரை லாரி வாடகை, திரும்பி வரும் டிராபேக். எல்லாம் போட்டு ஒரு டாலர் விலை சொல்ல வேண்டும். பீஸுக்கு 2 ரூபாய் தப்பாகக் கணக்கிட்டால் 50,000 பீஸ் ஆர்டரில் ஒரு லட்சம் போச்சு. கூட்டிச் சொன்னால் ஆர்டரே போச்சு. இந்தக் காஸ்டிங் ஷீட் போடத் தெரிந்தவரை எந்த முதலாளியும் 17,500-க்கு வைத்துக்கொள்ள மாட்டார், வைத்துக்கொண்டால் பக்கத்துக் கம்பெனிக்காரர் கூப்பிட்டுவிடுவார். கரூர் சின்ன ஊர், இந்தச் செய்தி டீக்கடையிலேயே பரவும்.

இதையே முறையாகச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு சி.எம்.ஏ., அதாவது காஸ்ட் அண்ட் மேனேஜ்மென்ட் அக்கவுண்டன்ட். டிகிரி முடித்தவர்கள் முதல் நிலைத் தேர்வு எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். நான்கு நான்கு பாடமாக இரண்டு குரூப். பாடத்துக்கு 40 மதிப்பெண்ணும் குரூப்புக்கு மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. மார்ச் முடிவுக் கணக்கில் நீங்கள் தலை நிமிர முடியாது என்பதால் ஜூன் வேண்டாம். ஜூலை 31-க்குள் பதிவு செய்து டிசம்பருக்கு ஒரே ஒரு குரூப் எழுதுங்கள். சுலபமான தேர்வு என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன், முதல் தடவையிலேயே எல்லாரும் தேறுவதில்லை. ஆனால் தேறாவிட்டாலும் படித்தது மறுநாள் ஆபீஸில் பயன்படும். எம்.பி.ஏ. புத்தகத்தைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

சி.ஏ. ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். பி.காம்.மில் 55 சதவீதம் இருந்தால் அதிலும் நேராக இன்டர்மீடியட் சேரலாம், உங்களுக்கு 63 இருக்கிறது. ஆனால் இரண்டு வருடம் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சிக்குப் போக வேண்டும். அங்கே தரும் உதவித்தொகையில் உங்கள் வீட்டு அரிசி, கேஸ், தம்பி ஃபீஸ் ஓடாது. வீட்டில் வேறு வருமானம் இருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கம்பெனியில் போன வருடம் போன ஏதாவது ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பில்கள் உங்களிடமே இருக்கும். அந்த ஒரு பீஸுக்கு உண்மையில் எவ்வளவு ஆனது என்று வெள்ளைத்தாளில் போட்டுப் பாருங்கள். நான்கைந்து இடத்தில் தொகை தெரியாமல் நிற்பீர்கள். சாயப்பட்டறைக்காரர் கிலோவுக்கு என்ன வாங்கினார், கட்டிங்கில் எவ்வளவு வீணானது என்று. அதை மேனேஜரிடம் போய்க் கேளுங்கள். "இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்பார். "தெரிஞ்சுக்கத்தான் சார்" என்று சொல்லுங்கள். போதும். அடுத்த தடவை ஷீட் போடும்போது கூப்பிடுவார், ஒருவேளை அதற்கடுத்த தடவை.

80,000 ரூபாயை அப்படியே வைத்திருங்கள். சி.எம்.ஏ. பதிவுக்கும் புத்தகத்துக்கும் அதில் கொஞ்சம் எடுத்தால் போதும்.

கடைசியாக அந்த 5,000 ரூபாய். ரசீதை எடுத்துப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது? பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லாமல் சென்டரின் பெயரிலோ தனி ஆள் பெயரிலோ இருந்தால் உங்கள் உறுத்தல் சரியானதுதான். இப்படிப் படிப்பை வெளியாட்களிடம் குத்தகைக்கு விடுவதை யு.ஜி.சி. அனுமதிப்பதே இல்லை. பரீட்சையை இன்னொருவர் "பார்த்துக்கொள்வது" குற்றம், மாட்டினால் முதலில் நிற்பது நீங்கள்தான். மாமாவையே கூட்டிக்கொண்டு போய்ப் பணத்தைக் கேளுங்கள், அவருக்கும் விஷயம் புரியும். கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் 5,000-த்தோடு போயிற்று என்று விட்டுவிடுங்கள். ஆனால் பி.காம். சான்றிதழோ மார்க் ஷீட்டோ ஒரிஜினலாக எதையாவது அவர்களிடம் கொடுத்திருந்தால், பணப் பேச்சை எடுப்பதற்கு முன்பே அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.