விசிறி நின்ற சுரங்கத்திலிருந்து மேலே வந்தது குற்றமாகுமா?

கேள்வி: நான் நிலத்தடிச் சுரங்கத்தில் இரவு ஷிப்டில் வேலை பார்க்கிறேன். மின்செலவைக் குறைக்க முதன்மை விசிறியைச் சில மணி நேரம் நிறுத்திவிடுகிறார்கள். டீசல் வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சென்ற வாரம் தலைவலியும் கிறுகிறுப்பும் வரவே, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு நானும் சக தொழிலாளி ஒருவரும் மேலே வந்துவிட்டோம். அனுமதியின்றி வேலையிடத்தை விட்டு வெளியேறியதாக இப்போது நோட்டீஸ் வந்துள்ளது. நச்சுவாயு இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்றும், முகமூடி கொடுத்திருக்கிறோமே என்றும் கேட்கிறார்கள். அந்த முகமூடியின் விலையையும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்கள் நோட்டீஸில் உள்ள கேள்வியே தவறானது. நச்சுவாயு இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சுரங்கப் பாதுகாப்பு குறித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1995ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 176), கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு தோன்றினாலே அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையைத் தன் 13ஆம் பிரிவில் தொழிலாளிக்கு அளிக்கிறது. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. விசிறி நின்றிருந்தது, டீசல் புகை வெளியேற வழியில்லை, இருவருக்கு ஒரே நேரத்தில் ஒரே அறிகுறி: இதைவிட நியாயமான காரணம் வேறென்ன வேண்டும்? டீசல் புகையில் உள்ள நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறுதியாகத் தெரியும்வரை காத்திருப்பவர் மேலே வரமாட்டார். சொல்லிவிட்டு வந்தீர்கள் என்பது உங்களுக்கு மிகப் பெரிய பலம். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை இருவரும் தனித்தனியே இன்றே எழுதி வையுங்கள்.

ஆட்கள் செல்ல அனுமதிக்கப்பட்ட எல்லா நிலத்தடிப் பகுதிகளுக்கும் போதிய காற்றோட்டம் தருவது முதலாளியின் கடமை என்று அதே உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு கூறுகிறது. முகமூடி அந்தக் கடமைக்கு மாற்றாகாது. ஆபத்தை நீக்குவது, பிறகு அது உருவாகும் இடத்திலேயே கட்டுப்படுத்துவது, பிறகு குறைப்பது, அதன் பின்னும் எஞ்சும் ஆபத்துக்கு மட்டுமே பாதுகாப்புக் கருவி என்பதே 6ஆம் பிரிவு வகுத்த வரிசை. மேலும், தூசியை வடிகட்டும் சாதாரண முகமூடி கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. குறைந்துபோன ஆக்சிஜனையும் கூட்டித் தராது. அதன் விலையைச் சம்பளத்தில் பிடிப்பதும் தவறு: கருவியை இலவசமாகத் தர வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது.

உடன்படிக்கைகள் அவற்றை ஏற்று உறுதிசெய்த அரசுகளைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்தும். எனவே உங்கள் பதிலில் உங்கள் நாட்டுச் சுரங்கச் சட்டத்தின் காற்றோட்ட விதியை முதலில் வைத்து, அதற்குத் துணையாக இவற்றைக் காட்டுங்கள். பாதுகாப்பான பணிச்சூழல் 2022 முதல் அதே சர்வதேச அமைப்பால் பணியிட அடிப்படை உரிமைகளில் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விசாரணையில் வெற்றியைத் தீர்மானிக்கப்போவது ஆவணங்கள்தாம். விசிறி இயக்கப் பதிவேடு, வாயு அளவீட்டுப் பதிவேடு, அந்த இரவின் மின்நுகர்வுக் கணக்கு ஆகிய மூன்றையும் தேதி குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள். பதிவேட்டில் பிறகு எதையும் எழுதிச் சேர்க்கலாம்; பெரிய விசிறி நின்றால் மின்நுகர்வில் விழும் பள்ளத்தை மறைப்பது கடினம். மிச்சப்படுத்திய மின்சாரமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகும். வாயு அளவீடு எங்கே எடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். விசிறிக் கூடத்தின் அருகே எடுத்த அளவு, உள்ளே நீங்கள் வேலை செய்த இடத்தின் நிலையைக் காட்டாது.

நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் பதிலைக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்டு எதிலும் கையெழுத்திட வேண்டாம். சுரங்க ஆய்வாளருக்கு இருவரும் கையெழுத்திட்டு ஒரு புகாரும் அனுப்புங்கள்.

இரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், சென்ற வாரத்து பாதிப்பை இனிப் பரிசோதனையில் காண முடியாது. மறுபடியும் விசிறி நின்று உடல் தடுமாறினால், சொல்லிவிட்டு மேலே வாருங்கள்; வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்து, நேரம் குறித்த அறிக்கையை வாங்கிவிடுங்கள்.