பதில்: மருந்து முடியுறதுக்கு முன்னாடியே ஊசி உள்ள இழுத்துக்குது

நீங்க டிசைன் பண்ற சிரிஞ்ச்ல, மருந்து முழுசா போனதும் ஸ்பிரிங் ஊசிய உள்ள இழுக்கணும், ஆனா முன்னாடியே இழுத்துக்குதுன்னு கேட்டிருந்தீங்க. ஸ்பிரிங்க மாத்தாதீங்க, பிரச்சனை அங்க இல்ல. பிளஞ்சர் (அமுக்குற தண்டு) முனையில இருக்கிற அடைப்பு கடைசி அமுக்குலதான் கழண்டு ஊசிய உள்ள விடணும், ஆனா அது திரவ அழுத்தத்துலயே கழண்டுக்குது. அந்த அடைப்புல திரவம் அமுக்குற முகப்பு பரப்ப முதல்ல குறைங்க.

தண்ணில ஒழுங்கா வேலை செஞ்சு கெட்டியான மருந்துல மட்டும் பாதியில இழுத்துக்குதுன்னு சொன்னீங்கல்ல, அதான் துப்பு. ஊசியோட உள்விட்டம் பாதியானா அதே வேகத்துல தள்ள 16 மடங்கு அழுத்தம் வேணும், மருந்து கெட்டியா இருந்தா அழுத்தம் அதுக்கு மேலயும் ஏறும், போதாததுக்கு உங்களுது 1 மில்லி சிரிஞ்ச், பேரல் (மருந்து நிக்கிற குழாய்) ஒல்லியா இருக்கறதால கட்டைவிரல் அதே பலத்துல அமுக்கினாலும் 5 மில்லிய விட உள்ள அழுத்தம் ரொம்ப அதிகமாகும்.

செக் பண்ண:
1. ஸ்பிரிங்க கழட்டிட்டு, ஊசி நுனிய அடைச்சிட்டு, கிளிசரின் கலந்த தண்ணி நிரப்புங்க.
2. ஃபோர்ஸ் கேஜ் (பலத்த அளக்கிற கருவி) வச்சு மெதுவா அமுக்கி, அடைப்பு எப்ப நகருதுன்னு குறிச்சுக்கோங்க. மருந்த தள்ள தேவையான பலத்துக்கு பக்கத்துலயே நகர்ந்தா காரணம் உறுதி. கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்கோங்க, பீச்சி அடிக்கும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, அடைப்ப சும்மா டைட் பண்ணி சரிபண்ண நினைக்காதீங்க. அப்புறம் கடைசி அமுக்கு கஷ்டமாகி, நர்ஸ் முழுசா அமுக்காமலே விட்டுடுவாங்க, ஊசி வெளியவே நிக்கும், யாரோட கையிலயாவது குத்தும். அதைத் தடுக்கத்தானே இந்த டிசைனே. ஐஎஸ்ஓ 23908 இந்த குத்துக்காய பாதுகாப்புக்கான தரம்தான், டெஸ்ட் திட்டம் போடுறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க.